மேட்டுப் பண்ணைக்குப் போகிற வண்டி

கண்ணாடிக்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளோடு சரி. ஆனாலும் தன் மனைவிக்கு எந்த வண்டி வாங்க வேண்டும் என்பதில் அவருக்குத் துளிகூடச் சந்தேகம் இருக்கவில்லை. பெரியது. இருப்பதிலேயே பெரியது.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். அவர் மனைவி கால்நடை மருத்துவர், ஊருக்கே டாக்டர். ஊரைச் சுற்றிய மலைச்சரிவுகளில் மாட்டுப் பண்ணைகள் சிதறிக் கிடந்தன. தார்ச்சாலை பாதி வழியிலேயே கைவிட்டுவிடும். அதற்கு மேல் கல், சேறு, இடையிடையே ஓடை. போன மழைக்காலத்தில் அப்படியொரு பாதையில் கரை சரிந்து அவளுடைய பழைய வண்டி உருண்டது. தோளெலும்பு முறிந்து, கையைத் தூளியில் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். வண்டி பழைய இரும்புக்குப் போயிற்று. எலும்பு கூடிவிட்டது. கண்ணாடிக்காரரின் மனசுதான் கூடவில்லை.

இரண்டு பிக்கப் வண்டிகளின் படத்தாள்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு வாரமாகக் கிடந்தன. ஒன்று கனரகம்: லாரியின் ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி முகம், உருண்டு திரண்ட டயர், நாலு சக்கரத்துக்கும் இழுவை. இன்னொன்று இலகு ரகம். அதற்கும் நாலு சக்கர இழுவை உண்டு. ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரியது பெற்றுப் போட்ட குட்டி போல இருந்தது.

லாரி ஓட்டுகிற தம்பி, அண்ணன் பக்கம்.

"அண்ணி, இது வண்டியே இல்ல, வீடு. உள்ள ஏறி உக்காந்துட்டா வெளியில இடி விழுந்தாலும் தெரியாது."

"வீட்டை ஓட்டிக்கிட்டு நான் எங்க போறது தம்பி? மாடு இருக்கிற எடத்துக்குல்ல போகணும்."

"சரி, சுமைக்கு என்ன பண்ணுவீங்க? மாட்டைப் பிடிச்சு நிறுத்துற அந்த இரும்புச் சட்டத்தை ஏத்தினா, சின்னது மூக்கைத் தூக்கிக்கும்."

"அது என்னவோ வாஸ்தவம்தான்" என்று தலையை ஆட்டினாள்.

கண்ணாடிக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். கனமான வண்டி உருளாது."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்ல வேண்டியதில்ல. பாத்தாலே தெரியுது."

"கண்ணு விஷயத்துல உங்ககிட்ட வாதாட முடியுமா?" என்று அவள் சிரித்துவிட்டு எழுந்து போனாள். பேச்சு அத்தோடு நின்றது. வாதம் நிற்கவில்லை.

கடைசியில் வண்டி விற்கிற கடைக்காரர்தான் வழி சொன்னார். ஒவ்வொன்றையும் ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் சண்டை போடுங்கள் என்றார். பெரிய வண்டி முதலில் வந்தது. அன்று கண்ணாடிக்காரர் கடையைத் திறக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவி வேலைக்குப் போகும்போது கூடப் போவது அதுதான் முதல் தடவை. அவள் ஆச்சரியப்பட்டாள், காட்டிக்கொள்ளவில்லை.

உள்ளே உட்கார்ந்ததும் அவருக்குப் பாதி கவலை போய்விட்டது. இருக்கை சோபா மாதிரி இருந்தது. தார் முடிந்து கல் பாதை தொடங்கியதே அவருக்குத் தெரியவில்லை. ஓடையில் இறங்கிய வண்டி, எருமை குளத்தில் இறங்குவது போல அலட்டிக்கொள்ளாமல் இறங்கி, அக்கரையில் நீர் சொட்ட ஏறியது. பின்னால் இரும்புச் சட்டம் கிடந்தது. அது கிடப்பதாகவே வண்டி காட்டிக்கொள்ளவில்லை.

"எப்படி?" என்றார், தானே செய்து கொண்டுவந்தவர் போல.

"நல்லாத்தான் இருக்கு" என்று அவள் மனசார ஒப்புக்கொண்டாள்.

அப்போதுதான் மேட்டுப் பண்ணைக்காரி போனில் கூப்பிட்டாள். அந்தச் சரிவில் தனியாகப் பத்துப் பன்னிரண்டு மாடுகளை வைத்துக் காலம் தள்ளுகிறவள். குரல் பதறியது. முதல் ஈற்றுப் பசு, விடிந்ததிலிருந்து முக்குகிறது, நீர்க்குடம் உடைந்துவிட்டது, கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது.

"இழுக்காதீங்க. யாரையும் இழுக்க விடாதீங்க. வந்துட்டே இருக்கேன்" என்றாள் டாக்டர்.

மேட்டுப் பண்ணைக்கு வண்டி நன்றாகவே ஏறியது, ஒரே ஓர் இடம் வரும்வரை. அங்கே ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் சரிவு, நடுவில் பாதை ஒடுங்கியிருந்தது. டாக்டர் வண்டியை நிறுத்தி இறங்கினாள். பாறைக்கும் சரிவுக்கும் இடையே காலால் அளந்தாள். வெளி விளிம்பில் குதிகாலால் ஓங்கி மிதித்தாள். ஒரு கூடை மண் பொலபொலவென்று கீழே போயிற்று.

கண்ணாடிக்காரர் பாறையோடு ஒட்டி நின்றுகொண்டார். ஆனாலும் கேட்டார்: "கனம் இருந்தா கெட்டியா நிக்காதா?"

"பாறை மேல நிக்கும். ஊறின மண்ணு மேல நின்னா, மண்ணையும் கூட்டிக்கிட்டுப் போகும். அதுவுமில்லாம, இதோட அகலத்துக்கு வெளிச் சக்கரம் அந்த விளிம்புலதான் போயாகணும்." அவள் மேலே பார்த்தாள். பண்ணையின் தகரக் கூரை தெரிந்தது. "நடந்துடலாம். மருந்துப் பெட்டியைத் தூக்குவீங்களா?"

தூக்கினார். மூச்சு வாங்கியது. முன்னால் போன மனைவி ஒரு தடவைகூடத் திரும்பி, சீக்கிரம் வாங்க என்று சொல்லவில்லை. அதுவே அவரை வேகமாக நடக்க வைத்தது.

தொழுவத்தில் பசு பக்கவாட்டில் படுத்திருந்தது. கண் வெளிறிப் போயிருந்தது. பண்ணைக்காரி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் முழங்கை தாண்டும் உறையை மாட்டி, வழுவழுப்புக்கு எண்ணெய் பூசி, வைக்கோலில் படுத்து, கையை உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். விரலால் பார்க்கிறாள் என்று கண்ணாடிக்காரருக்குப் புரிந்தது.

"தலை சரியாத்தான் இருக்கு. ஒரு முன்னங்கால் மடங்கி உள்ளயே நிக்குது. உசுரு இருக்கு, நாக்கைத் தொட்டா இழுக்குது."

பசு முக்காத நேரம் பார்த்துக் கன்றை உள்நோக்கித் தள்ளினாள். முக்கும்போது கை நசுங்கியது, பல்லைக் கடித்தாள். மறுபடி தள்ளினாள். குளம்பை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, கருப்பையைக் கீறிவிடாமல் மெல்ல மெல்ல வளைத்துக் கொண்டுவந்தாள். இரண்டு குளம்புகளும் வெளியே தெரிந்தபோது அவள் முகத்தில் வியர்வையும் வைக்கோலும் ஒட்டியிருந்தன. கயிற்றுச் சுருக்கை மாட்டி மறுமுனையைக் கணவரிடம் நீட்டினாள்.

"அது முக்கும்போது மட்டும் இழுங்க. கீழ்ப்பக்கமா. நிறுத்துனா நீங்களும் நிறுத்திடணும்."

"நானா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

வாழ்நாளெல்லாம் கடுகளவு திருகாணிகளை முறுக்கிய கை அது. இழுத்தார். நிறுத்தினார். இழுத்தார். திடீரென்று கயிறு லேசாகிவிட, பின்னால் மல்லாந்து விழுந்தார். எழுந்து பார்த்தபோது ஈரச் சாக்குமூட்டை போலக் கன்று கிடந்தது. அசைவில்லை. டாக்டர் அதன் மூக்கிலிருந்த சவ்வை வழித்து எறிந்தாள், ஒரு வைக்கோல் தாளை மூக்குத் துளையில் விட்டுக் கிண்டினாள், விலாவைத் தேய்த்தாள். திரும்பவும் கிண்டினாள். கன்று தும்மியது.

பண்ணைக்காரி அழுதுகொண்டே சிரித்தாள். கண்ணாடிக்காரரும் அதையேதான் செய்தார், கொஞ்சம் மறைவாக.

இறங்கி வந்தபோது வண்டி நின்ற இடத்தில் நின்றது. திருப்ப இடமில்லை. பின்னோக்கியேதான் போக வேண்டும், அகலமான இடம் வரும்வரை. டாக்டர் டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினாள். மண்ணில் பட்டையாகப் பதிந்து பிடிக்கும் என்றாள். கண்ணாடிக்காரர் பின்னால் நடந்து வழி காட்டினார்.

"ஏங்க, கொசு ஓட்டுற மாதிரி கையை ஆட்டாதீங்க. இடதா வலதா, வாயால சொல்லுங்க!"

"யாரோட இடது? உன்னோடதா, என்னோடதா?"

"வண்டியோடது!"

வண்டிக்கு இடது எது என்று அவர் யோசிப்பதற்குள் பின்சக்கரம் வழுக்கி அரை முழம் வெளியே போயிற்று. அவர் போட்ட கத்தல் அடுத்த மலைவரை கேட்டிருக்கும். அவள் பதறவில்லை. நிறுத்தினாள். இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்தாள். நாலு தட்டைக் கல்லைப் பொறுக்கி அடியில் சொருகச் சொன்னாள். ஏறி, கியரைப் போட்டு, மூச்சு விடுகிற அளவுக்கு மட்டும் வண்டியை நகர்த்தினாள். கல் நறநறத்தது. சக்கரம் பாதைக்குத் திரும்பியது.

அகலமான இடத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தியதும் இருவரும் வண்டியின் கதவடிப் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள்.

"அன்னிக்கு உருண்டுச்சே, அப்பவும் இப்படித்தானா?" என்றார். இத்தனை மாதத்தில் அதைப் பற்றி அவர் கேட்டதே கிடையாது.

"இதைவிட மோசமான எடம். பின்னாடி சுமை வேற. ஒரு நிமிஷத்துல மண்ணு விட்டுடுச்சு." தண்ணீர்ப் புட்டியை மூடினாள். "தலைகீழா பெல்ட்டுல தொங்கிக்கிட்டு, இதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சேன். எலும்பு முறிஞ்சதே அப்புறம்தான் தெரிஞ்சுது."

அவர் அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டார்.

"எனக்கு மட்டும் பயம் இல்லன்னு நினைக்கிறீங்களா?" என்றாள். "பயம் இருக்கு. அதனாலதான் இறங்கி இறங்கிப் பாக்கறேன்."

மறுநாள் கன்றைப் பார்க்க அதே மேட்டுப் பண்ணைக்குச் சின்ன வண்டி. அது தன் குணத்தை மறைக்கவில்லை. ஒவ்வொரு கல்லையும் கண்ணாடிக்காரருக்கு முதுகெலும்பு வழியாக அறிமுகம் செய்து வைத்தது. இரண்டு தடவை தலை கூரையில் இடித்தது. இரும்புச் சட்டத்தோடு கல் ஏற்றத்தில் ஏறும்போது பின்பக்கம் குந்திக்கொண்டு, இருமல்காரனைப் போலத் திணறியது. அடிவயிறு ஒரு பாறையில் கிறீச்சிட்டது. தம்பி பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான்.

டாக்டர் அங்கேயே நிறுத்தினாள். இருவரும் சேர்ந்து இரும்புச் சட்டத்தை இறக்கிப் பாதையோரம் வைத்தார்கள். அதன்பின் வண்டிக்குச் சிறகு முளைத்தது.

ஒடுங்கின இடத்தில் அவள் மறுபடி இறங்கிப் பார்த்தாள். மறுபடி மிதித்தாள். இந்த வண்டியின் வெளிச் சக்கரம் விளிம்புக்கு ஒரு சாண் உள்ளே, கெட்டியான தரையில் போகும். "வரீங்களா, நடக்கறீங்களா?" என்று கேட்டாள்.

கண்ணாடிக்காரர் சரிவைப் பார்த்தார். நடந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஏறி உட்கார்ந்து, கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது தொழுவ வாசல் வந்திருந்தது. உள்ளே கன்று, கால்கள் நாலும் நாலு திசையில் பரப்பி நின்று, தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் பெரிய வண்டியின் படத்தாளைக் கண்ணாடிக்காரரே மடித்து ஓரமாக வைத்தார்.

தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. "என்ன அண்ணே, கட்சி மாறிட்டீங்க?"

"நீ சொன்னதெல்லாம் சரிதான்டா. சுமைக்கு அதுதான் வண்டி. ஆனா உங்க அண்ணி சுமை தூக்கப் போகல. போய்ச் சேரணும், திரும்பி வரணும். அந்த எடத்துல அது உள்ளயே போகல."

"அப்ப அந்த இரும்புச் சட்டம்?"

"அதுக்குத்தான் லாரிக்காரரு ஒருத்தரு வீட்டுலயே இருக்காரே" என்றாள் டாக்டர். "மாசத்துக்கு ஒரு தடவை ஊசி போடுற நாளைக்கு மட்டும் அடிவாரம் வரைக்கும் கொண்டுவந்து இறக்கிக் குடுங்க. அங்கிருந்து பண்ணைக்காரங்க டிராக்டர்ல ஏத்திக்கட்டும்."

தம்பி முறைத்தான். பிறகு சின்ன வண்டியின் படத்தாளை இழுத்துப் பார்த்தான். "பின்னாடி சுமை தாங்குற இந்த வில்லுப்பட்டை பத்தாது, கூட ஒண்ணு சேக்கணும். அடியில ஒரு இரும்புத் தகடு அடிக்கணும். டயரும் இது ஆகாது, சேத்துல ஓடுற டயரா மாத்தணும்" என்று ஆரம்பித்தவன், சாப்பாடு ஆறும்வரை நிறுத்தவில்லை. வண்டியையே அவன்தான் தேர்ந்தெடுத்தான் என்று மறுநாள் பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான்.

வண்டி வந்தது. அவர்கள் கேட்ட சாம்பல் நிறம் கையிருப்பில் இல்லாததால், பழுத்த எலுமிச்சையின் மஞ்சளில் வந்தது. முதல் வாரத்திலேயே வேலியோரம் நின்ற ஒரு வெள்ளாடு அதில் தன் உருவத்தைப் பார்த்து ஆத்திரப்பட்டு, ஓட்டுநர் பக்கக் கதவில் முட்டி, நீளமாக ஒரு கீறல் போட்டது. கண்ணாடிக்காரர் கடையிலிருந்து லென்ஸ் துடைக்கிற துணியைக் கொண்டுவந்து அரை மணி நேரம் தேய்த்துப் பார்த்தார்.

"விடுங்க" என்றாள் டாக்டர், பெட்டியைப் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டே. "இன்னும் எத்தனை ஆடு இருக்கு அங்க."

அவர் துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்து பிடித்தார். அவள் ஏறி உட்கார்ந்தாள்.