வாசம் இல்லாத ஸ்நோ

சட்டையைக் கழற்றிப் போட நேரமில்லை என்று உசேன் அப்படியே நின்றார். தாஹிரா அவர் மார்பருகே குனிந்து பொத்தானைத் தைத்தாள். நூலைப் பல்லால் கடிக்கும்போது மூக்கு சட்டையில் பட்டது. அன்றும் ரோஜா வாசம் இல்லை. நாலு நாளாக இல்லை.

மற்ற பெண்டாட்டிகள் புருஷன் சட்டையில் புது வாசம் வந்தால் பயப்படுவார்கள். தாஹிராவுக்குப் பழைய வாசம் போனதுதான் பயம். தண்டையார்பேட்டையில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, முகத்துக்குப் பூசும் ஸ்நோ காய்ச்சினார் உசேன். கேட்கிற கடைக்காரர்களுக்கு அவரவர் லேபிளை ஒட்டிக் கொடுப்பார். எந்த லேபிளானாலும் உள்ளே ரோஜாதான். கல்யாணமான பதினொரு வருஷத்தில் அந்த ரோஜா இல்லாமல் அவர் வீடு திரும்பியதே கிடையாது.

வாசம் போன காரணமும் அவள் காதுக்கு வந்திருந்தது. காசிமேட்டில் மீன் விற்கும் மங்கை புது மாதிரி ஸ்நோ ஒன்று கேட்டாளாம். அதற்காகக் கொப்பரையை மூன்று நாள் சீயக்காய் போட்டுத் தேய்த்தாராம். கொட்டகையில் கொப்பரையைத் துடுப்பால் கிண்டும் லூயிஸின் பெண்சாதி குழாயடியில் சொன்னாள். மங்கை வந்தால் அங்கே ஒரே சிரிப்பு என்றும் சேர்த்துச் சொன்னாள்.

போன பக்ரீதுக்குத் தாஹிரா கேட்டது ஒரே ஒரு டப்பா. தாழம்பூ வாசத்தில். உசேன் கையை விரித்துவிட்டார். கொப்பரை பெரிசு, பன்னிரண்டு டஜனுக்குக் குறைத்து ஊற்றினால் துடுப்புக்கு எட்டாது, எண்ணெய் தனி தண்ணீர் தனியாகத் திரிந்துபோகும் என்றார். யார் கேட்டாலும் இதே பதில்தான் என்றார்.

"எனக்குக் கலக்காத கொப்பரைய மீன்காரிக்கு மட்டும் கலக்குவீங்களோ?" என்று ஊசியைக் குத்தி வைத்தபடி கேட்டாள்.

"சாய்ங்காலம் வந்து சொல்றேன்," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளை இன்னும் எரித்தது. வாசல்வரை போகவில்லை.

மத்தியானம் கொட்டகையில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

தாஹிரா இத்தா இருந்தாள். வெளி ஆண்களைப் பார்க்காமல் நாலு மாதம் பத்து நாள். மூன்றாவது வாரம் மங்கை வந்தாள். பெண்பிள்ளை என்பதால் யாரும் தடுக்கவில்லை. தன்னைவிடக் கறுப்பு, தன்னைவிட லட்சணம் என்று தாஹிரா பார்த்துக்கொண்டாள். அழுத முகம் வேறு. நீ எதற்கடி அழுகிறாய் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது.

மங்கை மடியிலிருந்து மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தாள். லேபிள் இல்லை. தாஹிரா ஒன்றைத் திறந்து முகர்ந்தாள். மல்லிகையா, மகிழம்பூவா என்று மூச்சை இழுத்து இழுத்துத் தேடினாள். ஒன்றுமே இல்லை.

"மீன் கவுச்சியோட பூ வாசம் சேந்தா கொமட்டும் பீவிம்மா. அதான் ஒண்ணும் போடாம கேட்டேன்," என்றாள் மங்கை. "ஒரு டஜன் போதும்னு பாய்கிட்ட ஒரு மாசம் மல்லு கட்டினேன். எம் பெண்சாதிக்கே கலக்கல, ஒனக்கு இன்னாத்துக்குன்னுட்டாரு."

அப்புறம் அவள் கூடையும் தலையுமாகக் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை குப்பம் குப்பமாக ஏறி இறங்கி, மீன் விற்கும் பெண்களில் நூற்று நாற்பத்தோரு பேரைச் சேர்த்திருக்கிறாள். ஆளுக்கு ஒரு டப்பா. அப்படியும் நூற்று நாற்பத்து நாலுக்கு மூன்று குறைந்தது.

"மூணுதானே, எங்க வூட்டுக்கு இருக்கட்டும்னாரு. அவரே கொண்டாந்து குடுக்கறதா இருந்தாரு."

தாஹிராவுக்கு மூச்சு வந்தது. மங்கைக்காக அவர் ஒரு டப்பாகூடக் குறைக்கவில்லை. அடுத்த மூச்சிலேயே மறுபடி எரிந்தது. அவள் பேரில் ஒரு கொப்பரையே ஏறியிருக்கிறது. தனக்கு அதில் விழுந்த மிச்சம். தாழம்பூவுக்கு நாலு தெரு ஏறி ஆள் சேர்க்க ஏன் தனக்குத் தோன்றவில்லை? பொறாமை உசேனை விட்டுவிட்டு, மங்கையின் வெடித்த பாதங்களில் போய் நின்றது.

இத்தா முடிந்ததும் கொட்டகையைத் தாஹிராவே நடத்தினாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மங்கை ஆள் சேர்த்துக்கொண்டு வருவாள். பாலூற்றி நல்ல டீயாகத்தான் கொடுப்பாள் தாஹிரா. குப்பத்துக் கதை கேட்டுச் சிரிக்கவும் செய்வாள். ஆனால் உசேனின் நாற்காலிப் பக்கம் மங்கை நகர்ந்தால், இன்றைக்கும் அதன்மேல் எதையாவது எடுத்து வைத்துவிடுகிறாள்.