மின்னுகிற பெயர்

மறைமலை நகரில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்த லாசரஸ், வீட்டுக்குப் போகாமல் மேற்குத் தாம்பரத்தில் ஜெயகிருஷ்ணனின் ஷேர் ஆபீஸ் மாடிப்படி ஏறினான். இது புதுசு இல்லை. தீபாவளிக்கு முன்னாலிருந்தே அவன் தூக்கம் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில்தான் தொலைகிறது. இன்றைக்குப் புதுசு, பின்னாலேயே ஏறி வந்த அவன் மனைவி மரியபுஷ்பம்.

பெருங்களத்தூரில் சுவரோடு நிற்கிற வீட்டுக்குத் தளம் போட வைத்திருந்த பணம். அதில் பாதியை ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனி பங்கில் போட்டிருந்தான். மீதிப் பாதி ஜெயகிருஷ்ணனிடம் அவன் கணக்கில் சும்மா கிடந்தது. நேற்று, பொங்கல் கழிந்த திங்கட்கிழமை, மார்க்கெட் தலைகுப்புற விழுந்தது. ராத்திரி டிவியில் அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் கிளம்பி வந்திருந்தாள்.

"போட்டத வித்துடணும். கிடக்கிறத வாங்கிக்கணும். செக்க வாங்கினு கீழ எறங்கிடணும். வேற பேச்சே கிடையாது" என்றாள்.

"சரிம்மா. அதுக்குத்தானே வந்தோம்."

பேங்கில் ரிட்டயரான பத்ரிநாராயணன் முன்வரிசையில் இருந்து திரும்பிப் பார்த்தார். "என்ன லாசரஸ், ஹைகமாண்டையே அழைச்சிண்டு வந்துட்டீர்?"

"நீங்க எவ்ளோ சார் விட்டீங்க?" என்று மரியபுஷ்பம் கேட்டாள்.

"மெதுவாப் பேசும்மா. எங்காத்துல தெரியாது."

யாரோ சிரித்தார்கள். அதற்குள் மார்க்கெட் திறந்தது. சுவரில் மாட்டிய டிவி முழுக்கச் சிவப்பு. லாசரஸ் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டது.

"சர்க்யூட் அண்ணா" என்றான் ஜெயகிருஷ்ணன். "விழுந்த வேகத்துல மார்க்கெட்டையே நிறுத்திட்டாங்க. ஒரு மணி நேரத்துக்கு யாரும் வாங்கவும் முடியாது, விக்கவும் முடியாது."

ஒரு பெயரும் அசையவில்லை. அசையாத திரையை லாசரஸ் அன்றைக்குத்தான் பார்த்தான். கடைசி வரியில் அவன் பங்கு இருந்தது. வாங்கின விலையில் பாதிகூட இல்லை. நேற்று காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே நாற்காலியில் இருந்திருக்கிறான். அந்த வரியை எப்படிப் பார்க்காமல் இருந்தான்?

எப்படி என்று அவனுக்குத் தெரியும். கம்பெனியில் அவன் வேலையே அதுதான். ட்யூப்லைட்டுக்குக் கீழே பெல்ட்டில் இரும்பு வளையங்கள் ஓடும். நல்லதைப் பார்க்கவே கூடாது. கீறல் இருந்தால், துருப்புள்ளி இருந்தால், கண் தானாகப் போய் அங்கே நிற்கும், கை எடுத்துவிடும். எடுத்த பிறகுதான் புத்தி வந்து சேரும். யோசித்தால் வளையம் போய்விடும். தப்பாக எடுத்தால் குற்றமில்லை, இன்னொருத்தன் சோதித்துத் திரும்பப் போட்டுக்கொள்வான். விட்டால்தான் மெமோ. பதினைந்து வருஷமாகக் கண்ணுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது. இந்த நாற்காலிக்கு வந்ததும் மறந்துவிடு என்றால் கண் கேட்குமா?

அதை அவளிடம் சொல்லிப் பார்த்தான். "எது மின்னுதோ கண்ணு அங்கதான் ஓடுது, புஷ்பம். நம்மளுது கீழ அசையாம கிடந்திச்சு. நெசமா நான் பார்க்கவே இல்ல."

"கண்ணு ஓடுச்சுன்னா நீங்க ஏன் பின்னாடியே ஓடுனீங்க?"

அவள் இரண்டு டீ வரவழைத்து ஒன்றை அவன் கையில் கொடுத்தாள். "தொறந்ததும் வித்துடுன்னு சொல்லுங்க. ஒரே வார்த்தை" என்றாள். அவன் அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

மார்க்கெட் மறுபடி திறந்தது. முதலில் சிவப்பு. பிறகு எங்கிருந்தோ வாங்க ஆள் வந்தார்கள்.

"அண்ணா, உங்க ஷேரக் கேக்குறாங்க. தட்டிடவா?"

மேலே, நாலாவது வரியில், ஒரு சர்க்கரை ஆலையின் பெயர் பச்சையாக மின்னியது. அணைந்தது. மறுபடி மின்னியது. சுற்றிலும் அத்தனையும் சிவப்பு, அது ஒன்று மட்டும் பச்சை.

"சர்க்கரை... அது போடு" என்றான் லாசரஸ்.

"எவ்ளோ?"

"கணக்குல கிடக்கிறது எல்லாம்."

ஜெயகிருஷ்ணனுக்கு வாங்கினாலும் கமிஷன், விற்றாலும் கமிஷன். இரண்டாவது தடவை கேட்காமல் தட்டினான்.

"இல்ல, வேணாம். வேணாம்பா" என்று லாசரஸ் சொல்லும்போது ஜெயகிருஷ்ணன் அடுத்த போனை எடுத்திருந்தான். முடிந்துபோச்சு என்று கையை மட்டும் காட்டினான்.

மரியபுஷ்பத்துக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. போன் சத்தத்தில் லாசரஸ் சொன்னது சரியாகக் காதில் விழவும் இல்லை. ஏதோ தட்டினார்கள் என்று மட்டும் தெரிந்தது. செக்கை வைக்கப் பையின் ஜிப்பைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வித்தாச்சா?"

அவள் பக்கம் திரும்ப வேண்டும் என்றுதான் அவனுக்கும் இருந்தது. திரையில் இன்னொரு பெயர் பச்சையாகி மின்னியது.