வெந்நீரில் மிதந்து வந்த துணுக்கு

பெயின்டரை நான் முதலில் கவனித்தது அவருடைய வெறுங்காலால்தான். ஆய்வக வாசலில் துணிப்பையோடு நின்றிருந்தார்.

"செருப்பு எங்கங்க?"

"அவ போட்டிருக்கா டாக்டர். கால் வீங்கி அவளோடது நுழையல." பையைத் திறந்து காட்டினார். உள்ளே வார் வைத்த பெண் செருப்பு ஒரு ஜோடி. "என்னைக்காவது கேப்பால்ல, அதான் கூடவே வெச்சிருக்கேன்."

நோயாளியின் வீட்டார் முகத்தைப் பார்த்தால் எனக்கு வேலை ஓடாது. ரிசல்ட் வார்டுக்கு வரும் என்று விரட்டாத குறையாக அனுப்பிவிட்டு உள்ளே போனேன்.

அவர் மனைவிக்குச் சிறுநீரில் புரதம் கொட்டிக்கொண்டிருந்தது. ஊசியால் எடுத்த நூலளவு சிறுநீரகத் திசுவை மெழுகில் பதித்து, சீவி, நிறமேற்றி என் மேசையில் வைத்திருந்தார்கள். மைக்ரோஸ்கோப்பில் ரத்தத்தை வடிகட்டும் சல்லடைகள் பழுதில்லாமல் தெரிந்தன. நிம்மதியாக, ஓரமும் தெரியக் கண்ணாடி ஸ்லைடை நகர்த்தினேன். அங்கே கொத்தாக வெளிறிய செல்கள். புற்றுநோய். வார்டு டாக்டர் வேறு போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். கண்டதை எழுதிக் கொடுத்தால் சிறுநீரகத்தையே எடுக்கும் பேச்சு ஆரம்பித்துவிடும். அந்தச் செருப்பு பையிலேயே கிடக்கும்.

ஆனால் அந்தக் கொத்து எதையும் ஒட்டாமல், பஸ் மாறி ஏறிய ஆள்போலத் தனியாகக் கிடந்தது. மற்றதெல்லாம் துல்லியமாகத் தெரியும்போது அது மட்டும், மேலே வந்து படிந்ததுபோல, மங்கியது. மெழுகுச் சீவல்களைச் சுருக்கம் நீங்க வெந்நீரில் மிதக்கவிட்டுத்தான் கண்ணாடியில் ஏந்துவோம். முந்தைய ஆளின் துணுக்கு தண்ணீரில் தங்கிவிட்டால் அடுத்தவர் கண்ணாடியில் ஏறிக்கொள்ளும்.

"அக்கா, இதுக்கு முன்னாடி என்ன வெட்டினீங்க?"

டெக்னீஷியன் அக்காவுக்கு முகம் சுண்டியது. "என் தண்ணியிலயா? நான் வழிச்சு எடுக்காம அடுத்ததத் தொடமாட்டேன்." பிறகு குரல் இறங்கியது. "ஒரு பெரியவரோட கிட்னி கட்டி."

"புதுத் தண்ணி, புது பிளேடு. அதே மெழுகுல இன்னும் ஆழமா வெட்டுங்க."

"என்னைச் சந்தேகப்படறீங்க."

"உங்களை இல்லக்கா, தண்ணிய."

முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார். அதற்குள் பெரியவரின் ஸ்லைடைப் பார்த்தேன். அதே வெளிறிய செல்கள். புதுச் சீவல்கள் வந்ததும் ஓரத்திலிருந்து ஓரம்வரை தேடினேன். அக்கா என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இருக்கா?"

"ஒண்ணும் இல்ல."

அவர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "திட்டறதுன்னா இப்பவே திட்டிடுங்க டாக்டர்."

"நாளைக்குத் திட்டறேன். இன்னைக்கு சந்தோஷமா இருக்கேன்."

மற்றச் சோதனைகளும் ஒத்துப்போயின. சல்லடை பழுதில்லாததுபோல் தெரிந்தும் புரதம் ஒழுகுகிற, பெரும்பாலும் மாத்திரைக்குக் கேட்கிற நோய். போனில் சொன்னது போதாதென்று, என் வழக்கத்தை மீறி வார்டுக்கே போனேன்.

வார்டு டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார் போலும். பெயின்டர் தரையில் உட்கார்ந்து மனைவியின் காலைச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டிருந்தார். விரல்கள் போயின. வார் எட்டவில்லை.

"மாத்திரை இன்னும் கைக்கே வரலைங்க," என்று அவள் சிரித்தாள்.

"சும்மா அளவு பாத்தேன்."

செருப்பைத் துடைத்தார். பைக்குள் திரும்ப வைக்கவில்லை. கட்டிலுக்கடியில், அவருடைய பெரிய செருப்புக்குப் பக்கத்தில், வாசலைப் பார்த்தாற்போல் வைத்தார்.