புதிதாகவே இருந்த செருப்பு

கோதண்டராமனின் வலது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே இருந்த புண்ணுக்கு வயது ஏழு மாதம். அதற்குள் அது மூன்று ஆஸ்பத்திரி பார்த்துவிட்டு, ஆறாத புண்களுக்கென்றே வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் ஒரு கிளினிக்குக்கு வந்து சேர்ந்திருந்தது. சர்க்கரை வந்து இருபது வருஷம். பாதத்தில் உணர்ச்சி போய்ப் பல காலமாகிறது. வலிக்காத புண்ணை யார் மதிப்பார்கள்? நோயல் கையில் சிக்கும்வரை அவரும் மதிக்கவில்லை.

நோயல் அங்கே கட்டுப் போடுகிறவன், ரிச்சர்ட்ஸ் டவுன்காரன். வாராவாரம் புண்மேல் கண்ணாடித்தாள் வைத்து, ஓரத்தைப் பேனாவால் வரைந்து, போன வாரத் தாளோடு பொருத்திப் பார்ப்பான். பத்து வாரமாகக் கோடு நகரவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருந்தது, ரத்த ஓட்டம் பரவாயில்லை, மருந்தும் சரி. புண் மட்டும் காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

பதினோராவது வாரம் டாக்டர் கம்பி விட்டு ஆழம் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் போனா எலும்பு. மூணு வாரம் பார்ப்போம். ஆறலேன்னா முன்பாதத்தை எடுத்துடலாம்" என்றார், நகம் வெட்டுவதைப் பற்றிப் பேசுகிறவர்போல.

கோதண்டராமன் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். நோயலுக்குக் கோபம் வந்தது.

"புண்ணுல பாரம் விழாம இருக்க நாங்க அளவெடுத்துச் செஞ்சு குடுத்த செருப்பைப் போடறீங்களா இல்லியா சார்?"

"அது இல்லாம வெளியில ஒரு அடி வைக்கறதில்லப்பா."

நோயல் செருப்பைத் திருப்பிப் பார்த்தான். அடியில் ஒரு வரிகூடத் தேயவில்லை.

"வாரத்துல எத்தனை தடவ வெளியில போவீங்க?"

"இங்க மட்டும்தான். ஆட்டோவுல வந்து ஆட்டோவுல போறேன். 'ஜாஸ்தி நடீபேடி'ன்னு டாக்டர்தான கன்னடத்துல திட்டினாரு? அதான் நடக்கறதே இல்ல."

"மிச்ச ஆறு நாளு?"

"வீட்டுலதான்."

"வீட்டுல கால்ல என்னா?"

கேள்வியே அவருக்குப் புரியவில்லை. "கால்ல என்னா இருக்கும்? கால்தான்."

நோயல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். விசாரித்ததில் எல்லாம் வெளிவந்தது. பெல் அடித்தால் கதவைத் திறப்பது அவர். போன் எடுப்பது அவர். தண்ணீர் தொட்டியைப் பார்க்க மாடி ஏறுவதும் அவர்தான். இது போதாதென்று, புண் ஆறவேண்டும் என்று தினமும் சாமி அறையில் நாற்பது நிமிஷம் சிமெண்டுத் தரையில் நின்று பூஜை.

"எழுந்திருச்சதுலேர்ந்து படுக்கற வரைக்கும் இது கால்லயே இருக்கணும். வீட்டுக்குள்ளயும்."

"வீட்டுக்குள்ளயா? யசோதா ஒத்துக்க மாட்டாப்பா."

"கத்தி வேணுமா, செருப்பு வேணுமான்னு அவங்களையே கேளுங்க சார்."

யசோதா அவர் மனைவி. நீலசந்திரா வீட்டின் நிலைவாசலை முப்பத்தொரு வருஷத்தில் எந்தச் செருப்பும் தாண்டியதில்லை. ஒருமுறை செருப்போடு உள்ளே வந்த கேஸ் சிலிண்டர்காரரிடமே துணியைக் கொடுத்துத் துடைக்க வைத்தவள் அவள். கோதண்டராமன் தூக்குத் தண்டனைக் கைதிபோல நின்று விஷயத்தைச் சொல்லி முடித்தார். அவள் போய் ரசத்துக்குத் தாளித்தாள். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

புண் பாதியாகச் சுருங்கி, கத்தி தள்ளிப்போனதெல்லாம் மூன்று வாரம் கழித்து. ஆனால் அதைவிடப் பெரிய காரியம் மறுநாள் காலையிலேயே நடந்துவிட்டது.

கண் விழித்தபோது கட்டிலடியில் செருப்பு இருந்தது. அடிப்பாகத்தில் டெட்டால் வாசனை. மாட்டிக்கொண்டு, திருடன்போலக் கூடத்தைக் கடந்தார். சாமி அறை வாசலில், பழக்கத்தில், குனிந்து பட்டையைப் பிரிக்கப் போனார்.

"கழட்டாதீங்க" என்றாள் யசோதா அடுப்படியிலிருந்து.

"சாமி ரூமுடி."

"அவருக்கு ரெண்டு காலும் நல்லாத்தான இருக்கு? உள்ள போயி மணி அடிங்க."

அதட்டலாகத்தான் சொன்னாள். ஆனால் குரல் பாதியில் உடைந்துபோனது. ராத்திரி முழுக்க அவள் தூங்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. செருப்புக் காலோடு உள்ளே போய் மணியை எடுத்தார்.