புது ஆயில்

எங்கள் செம்பூர் பில்டிங்கில் நல்ல புருஷன் யாரென்று கேட்டால் எல்லோரும் முதல் மாடி ரெனால்டைத்தான் காட்டுவார்கள். எனக்கு அவன் பெயரைக் கேட்டாலே வயிறு எரிகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அவன் மனைவி ஜெஸிக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. அவளுடைய அப்பா சிங்கராயர், அணுசக்தி நகரில் டெக்னீஷியனாக இருந்தவர், கண்ணை மூடுவதற்கு முன்னால் மகளுக்கென்று ஒரு பழைய ஆட்டோமேட்டிக் காரைத் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தார். கிளட்ச் கிடையாது. கியர் தானே மாறிக்கொள்ளும். இடது காலுக்கு வேலையே இல்லை. அதில்தான் அவள் தினமும் பாண்டுப்பில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தாள். ரயிலில் போனால் என்ன என்று கேட்காதீர்கள். குர்லா ஸ்டேஷன் படிக்கட்டில் கூட்டம் ஒருமுறை அவளை உருட்டிவிட்டிருக்கிறது.

இந்த ஜூனில் அவளை ஹெட்மிஸ்ட்ரஸ் ஆக்கினார்கள். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. பில்டிங் முழுக்க லட்டு கொடுத்தாள். ரெனால்ட் ஒரு கூரியர் ஆபீஸில் சூப்பர்வைசர், வருஷக்கணக்காக அதே நாற்காலி. இனிமேல் மேடத்திடம் பர்மிஷன் வாங்கித்தான் சோறு கேட்க வேண்டும் என்று அவன் சொன்னபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், வண்டியின் கியர்பாக்ஸ் ஆயிலைத் தானே மாற்றப்போவதாகச் சொல்லிக்கொண்டு பார்க்கிங்கில் இறங்கினான். அதுவரை அந்த வண்டியை ஒரு துணி எடுத்துத் துடைத்தவன் இல்லை. ஜெஸிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தாள், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள், நடுவில் மாடிக்கு ஏறிப்போய் டீயும் போட்டுக் கொண்டுவந்தாள்.

என் சமையலறை ஜன்னல் பார்க்கிங்கைப் பார்த்தபடி இருக்கிறது. ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, அடியில் படுத்து போல்ட்டைத் திருகினான். தார் மாதிரி கருத்த ஆயில் வந்தது. தீய்ந்த வாடை என் குழம்பு வரைக்கும் வீசியது. ஆயில் தட்டைக் கழற்றி, அதில் படிந்திருந்த வண்டலைச் சுரண்டி, பளபளவென்று துடைத்து, புது ஃபில்டர் போட்டு மூடினான். ஒரு குறை சொல்ல முடியாத வேலை. கடைசியில் சிவப்பாக இருந்த புது ஆயிலை அவள் கையில் கொடுத்தான்.

"ஒங்கப்பா வாங்கித் தந்த வண்டில்லா. ஒங்கையாலயே ஊத்துட்டி."

அவள் சிலுவை போட்டுக்கொண்டு புனலில் ஊற்றினாள்.

அந்த வாரம் முடிவதற்குள் விக்ரோலி பக்கம் ஹைவேயில் வண்டி நின்றுபோனது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்துக் கொன்றுவிட்டார்கள். கட்டி இழுத்துக்கொண்டுபோய் தாராவியில் முகம்மது ஹனீப் பாயின் வொர்க்‌ஷாப்பில் விட்டாள். சிங்கராயர் காலத்திலிருந்து அந்த வண்டியைப் பார்ப்பவர் அவர்தான். ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவி அந்தச் சிவப்பைப் பார்த்தவர், இதில் கை வைத்தது யார் என்று கேட்டார். தன் வீட்டுக்காரர் என்று ஜெஸி கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருக்கிறாள்.

"அவரு போன வாரம் இங்க வந்து கேட்டாரேம்மா. படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கியர்பாக்ஸ் உள்ள பிளேட்டெல்லாம் தேஞ்சு கெடக்கு, அந்தக் கருப்பு ஆயில்ல கெடக்க பொடியிலதான் பிடிச்சு ஓடுது, புதுசு ஊத்துனா வழுக்கிரும், அதோட வண்டி கதம்னேன். இதுக்குப் பார்ட்ஸ் வாரதும் நின்னுபோச்சு. சரி பாய், தொடவே மாட்டேன்னுட்டுல்லா போனாரு."

வீட்டுக்கு வந்து கேட்டாளாம். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இல்லையென்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம், படுபாவி.

"சொன்னாருதான். நான் இருக்கும்போது ஒனக்கு எதுக்குட்டி வண்டி?"

சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் மீன் குழம்பு ஊற்றச் சொன்னானாம். ஊற்றினேன் அக்கா என்றாள். என் அடுப்படியில் உட்கார்ந்து அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவதில் அவன் கெட்டிக்காரன். மறுநாளிலிருந்து ஸ்கூட்டரில் அவனே கொண்டுபோய் விட்டான். ஒருநாள் டயரில் காற்று இல்லை, ஒருநாள் ஆபீஸில் அவசரம், ஒருநாள் குளியலறையை விட்டு வெளியே வரவே நேரமாகிவிட்டது. பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டில் வந்து இறங்கினாள். மழைக்காலம் முடிவதற்குள் அந்த நாற்காலியில் வேறொரு டீச்சர் உட்கார்ந்தாள். இனி எதற்குக் கஷ்டப்பட வேண்டும் என்று சொல்லி, அவளுடைய ராஜினாமாவையும் அவனே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

நான் சும்மா இருக்கவில்லை. இரண்டு மூன்று பேரிடம் நடந்ததைச் சொன்னேன். கால் முடியாத பெண்டாட்டியை இப்படித் தாங்குகிறவனைப் போய்ச் சொல்கிறாயே என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

வண்டியை அவன் விற்கவில்லை, தாராவியிலிருந்து கட்டி இழுத்துவந்து பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டான். அவளுக்கு அதுதான் உயிர் என்று எல்லோரிடமும் சொல்கிறான். ஞாயிறு தோறும் பூசை முடிந்து வந்து, பார்க்கிங்கில் எல்லோரும் பார்க்க அதை ஷாம்பு போட்டுக் கழுவுகிறான். பிறகு பேட்டரி இறங்காமல் இருக்க வேண்டும் என்று மாடியைப் பார்த்து அவளைக் கூப்பிடுகிறான். ஜெஸி கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறாள். அவன் கதவைத் திறந்து பிடிக்க, ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்கிறாள். போதும் என்று அவன் சொல்லும்வரை இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். என்ஜின் நன்றாகத்தான் ஓடுகிறது.