பாக்கியமணியின் ஜெபம்

தொழிலாளர்களுக்கு மழைக்கோட்டு கேட்டுத் தேயிலை எஸ்டேட் மேனேஜரையே திணறடித்தவள் பாக்கியமணி. வீட்டு ஜெபத்தில் மட்டும், "ஆண்டவரே, முடிஞ்சா என் முட்டுவலியக் கொஞ்சம் பாரும்" என்று முணுமுணுப்பாள்.

"மேனேஜர்ட்ட இப்படியா கேட்ட?" என்று சிரித்தான் கணவன் ஆசீர்.

அவளுக்குச் சுருக்கென்றது. வலியோடு மறுபடியும் முழங்காலிட்டாள்.

"ஆண்டவரே, சனிக்கிழமை கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸ், வீடு வீடாப் போய்ப் பாடணும். ஏலப்பாறையில எல்லா லயத்து வீட்டுக்கும் நான் ஏறி எறங்கணும். என்னை விட்டுட்டு சபைக்காரங்க பாடக்கூடாது. அதுக்குள்ள இந்தக் காலைச் சரியாக்கித் தாரும்."

பக்கத்து வீட்டில் டி.வி. சத்தம் குறைந்தது.

ஆசீருக்குப் பயம் வந்துவிட்டது. "மெதுவாக் கேளு. மேனேஜர்ட்டகூட நீ இம்புட்டு உரிமையாப் பேசலியே."

"மேனேஜருக்கு நான் வேலைக்காரி" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "இவருக்கு நான் மக."