நீளவால் பிழைத்ததா?

எங்கள் தீவின் பீல் துறைமுக மண்டபத்தில், தீவின் மேங்க்ஸ் மொழியில் கதைப்போட்டி. பஸ் ஓட்டுகிற ஓரி பத்து வருஷமாகத் தோற்கிறான். கோப்பையைத் தட்டிக்கொண்டு போவது அவன் மனைவியின் அண்ணன், படகுக்காரன் ஃபின்லோ. தோற்பதுகூடப் பரவாயில்லை. ஓரியின் கதையை இதுவரை ஒருவரும் கடைசிவரை கேட்டதில்லை, பாதியிலேயே டீக்கு எழுந்துவிடுகிறார்கள். அதுதான் அவனுக்கு வயிற்றெரிச்சல்.

இந்தத் தடவை வசமான கதை. கப்பல் உடைந்து நடுக்கடலில் தத்தளித்த அவன் கொள்ளுத்தாத்தா, ஒன்றின் பின்னாலேயே நீந்திக் கரை சேர்ந்த கதை. அந்த ஒன்றின் பெயரை நானும் எழுதமாட்டேன். எங்கள் தீவில் அதைச் சொன்னால் படகு திரும்பாது. வீட்டில் பூனை துரத்துமே, அதுதான். நீளவால் என்போம். வாய் தவறினால் உடனே விசிலடிக்க வேண்டும்.

ஃபின்லோ வாசலிலேயே மறித்தான். "மாப்ள, அந்தப் பேரு மேடையில வந்துச்சு, நாளைக்கு ஒரு படகும் கெளம்பாது."

"தாத்தா உசுர காப்பாத்துனது மச்சான் அது! பட்டப்பேரு சொல்லியா கூப்பிடுவாங்க?"

"அப்ப அந்த எடத்துல விசிலடிச்சுக்க."

ஓரி அப்படியே செய்தான். கதையில் அந்தப் பெயர் நாற்பது இடத்தில் வருகிறது. ஏழாவது விசிலில், போட்டி முடிந்ததும் வாசிக்க மூலையில் காத்திருந்த வயலின்காரி, தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து வில்லை எடுத்தாள். பத்தாவதில் மேளமும் சேர்ந்தது. ஜனங்கள் நாற்காலியை ஒதுக்கிவிட்டு ஆட ஆரம்பித்தார்கள். நடுவர் காலால் தாளம் போட்டபடி 'நல்ல மெட்டு' என்று குறித்துக்கொண்டார். தாத்தா நடுக்கடலில் கிடந்தார், கேட்க நாதியில்லை.

ஓரிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. மைக்கைப் பிடித்து அந்தப் பெயரை அடித்தொண்டையில் கத்தினான்.

வயலின் நின்றது. அடுத்த நிமிஷம் மண்டபமே விசிலடித்துக்கொண்டு படகுகளைப் பார்க்க ஓடியது. நடுவர் கோப்பையோடு ஓடினார்.

ஒரே ஒரு ஆள் எழுந்திருக்கவில்லை. ஃபின்லோ. இரண்டு படகு வைத்திருப்பவன், முகம் வெளுத்து, நாற்காலிக் கட்டையை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"நீங்க ஓடல மச்சான்?"

"எப்படிடா ஓடுறது? பாதியில விட்டுட்டியே. உசுரு பொழச்சுச்சா இல்லையா?"

"பொழைக்காமலா நான் பொறந்தேன்?"

"தாத்தாவக் கேக்கலடா. அந்த நீளவாலு! அது பொழச்சுச்சா?"

ஓரி மைக்கைக் கீழே வைத்தான். மேடை விளிம்பில் உட்கார்ந்து, முதலிலிருந்து, பெயர் சொல்லியே ஆரம்பித்தான். நாற்பது தடவையும் ஃபின்லோ நடுங்கி நடுங்கி விசிலடித்தான். ஆனால் முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.